முன்னால் ஒரு ரயில் நிற்கிறது

நியூயார்க் சுரங்க ரயிலில் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் மனப்பாடமான அறிவிப்பு ஒன்று உண்டு. முன்னால் ரயில்கள் நெருக்கமாக இருப்பதால் இந்த ரயில் தாமதமாகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதிவு செய்யப்பட்ட ஒரு குரல் சொல்லும். ரயில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே இருட்டில் நின்றிருக்கும். முன்னால் ஏன் நெருக்கம், இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்தக் குரலில் விடை இருக்காது. பெட்டிக்குள் யாரும் கத்துவதில்லை. கைப்பேசியில் மணி பார்ப்பார்கள், அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பப் பார்ப்பார்கள், சுரங்கத்தில் பெரும்பாலும் சமிக்ஞை கிடைக்காது. எரிச்சல் உள்ளுக்குள்ளேயே ஏறும்.

ஐந்து நிமிடத் தாமதத்துக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள் எங்கும் இருக்கிறார்கள். பெருநகரத்து மனிதர்களுக்குப் பொறுமை கிடையாது என்பது அவர்கள் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ரயில் பொறியியல், நிகழ்தகவுக் கணக்கு, உளவியல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வேறொரு படம் தெரிகிறது. நிர்வாகத்தின் அட்டவணைகளும் சராசரிகளும் காட்டத் தவறிய ஒன்றைப் பயணியின் எரிச்சல் பல ஆண்டுகளாகச் சரியாகவே காட்டிக்கொண்டிருந்தது.

ரயில் ஏன் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1904 அக்டோபர் 27 அன்று மன்ஹாட்டனில் சிட்டி ஹாலுக்கும் 145-ஆம் தெருவுக்கும் இடையே இந்தச் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது. இன்று அதில் 472 நிலையங்கள். ரயில்கள் 24 மணி நேரமும் ஓடுகின்றன. அதன் பெரும்பாலான தடங்களில் ஒரு ரயில் இன்னொன்றின் மேல் மோதாமல் காப்பது, 1872-இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற தடச்சுற்று என்ற ஏற்பாடுதான். தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அடுத்ததிலிருந்து மின்சாரம் கடக்காதபடி பிரித்துவிடுவார்கள். இந்தத் துண்டுக்கு பிளாக் என்று பெயர். பிளாக்கின் ஒரு முனையிலிருந்து சிறிதளவு மின்சாரம் ஒரு தண்டவாளம் வழியாகப் போய், மறுமுனையில் இருக்கும் ரிலே என்ற மின்காந்த விசையைத் தூக்கிப் பிடித்து, இன்னொரு தண்டவாளம் வழியாகத் திரும்பும். ரிலே தூக்கி நிற்கும்வரை பின்னால் வரும் ரயிலுக்குப் பச்சை விளக்கு. பிளாக்குக்குள் ஒரு ரயில் நுழைந்ததும் அதன் சக்கரங்களும் இரும்பு அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் போய்விட, ரிலே விழும். விளக்கு சிவப்பாகும்.

இந்த ஏற்பாட்டின் மேன்மை அது பழுதாகும் விதத்தில் இருக்கிறது. கம்பி அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும், தண்ணீர் புகுந்து சுற்று கெட்டாலும் ரிலே விழத்தான் செய்யும். விழுந்தால் சிவப்பு. அதாவது, தனக்கு உறுதியாகத் தெரியாத எதையும் ஆபத்து என்றே அது எடுத்துக்கொள்ளும். சிவப்பு விளக்கின் அருகே தண்டவாளத்தை ஒட்டி ஓர் இரும்புக் கை உயர்ந்து நிற்கும். டிரைவர் கவனிக்காமல் சிவப்பைத் தாண்டினால், ரயிலின் அடியில் இருக்கும் பிரேக் விசையை அந்தக் கை தட்டிவிடும்; ரயில் தானாக நிற்கும். நூறாண்டுக்கு மேலாக லட்சக்கணக்கானவர்களை அன்றாடம் உயிரோடு வீடு சேர்த்த பொறியமைப்பு இது. அதற்குக் கொடுக்கும் விலைதான் தாமதம். எந்தப் பழுதும் விபத்தாக மாறாமல் தாமதமாக மாறும்படி இது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

அதனாலேயே கருவிகள் கிழடுதட்டும்போது தாமதங்கள் பெருகுகின்றன. வெஸ்ட் 4-ஆம் தெரு நிலையத்தைக் கடக்கும் ரயில்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டு அறையில் 1930-களின் நெம்புகோல்களும் ரிலேக்களும் துணி சுற்றிய கம்பிகளும் வேலை செய்துகொண்டிருந்ததைப் போக்குவரத்து ஆணையமே 2015-இல் ஒரு காணொளியில் காட்டியது. அந்த உதிரிபாகங்களை உலகில் எந்த ஆலையும் இப்போது செய்வதில்லை. ஆணையத்தின் பட்டறையிலேயே பழுது பார்த்தும் புதிதாகச் செய்தும் சமாளித்தார்கள்.

இன்னொரு குறை நுட்பமானது. பிளாக்குக்குள் ஒரு ரயில் இருக்கிறது என்பது மட்டுமே தடச்சுற்றுக்குத் தெரியும். அது பிளாக்கின் தலைப்பில் இருக்கிறதா வாலில் இருக்கிறதா, ஓடுகிறதா நிற்கிறதா என்பதெல்லாம் தெரியாது. ஆகவே பின்னால் வரும் ரயிலை, மிக மோசமான நிலையைக் கணக்கில் வைத்து, தேவைக்கு அதிகமாகவே தள்ளி நிறுத்த வேண்டியிருக்கிறது.

அந்தத் தூரமும் போதாமல் போன நாள் ஒன்று உண்டு. 1995 ஜூன் 5 காலை, வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் மேல் ஜே தடத்து ரயில் ஒன்று சிவப்பு விளக்கைத் தாண்டியது. இரும்புக் கை தன் வேலையைச் செய்தது, அவசரப் பிரேக் பிடித்தது, ஆனாலும் ரயில் உரிய தூரத்துக்குள் நிற்கவில்லை. முன்னால் நின்றிருந்த எம் தடத்து ரயிலின் பின்புறத்தில் மோதியதில் டிரைவர் இறந்தார்; ஐம்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் காயமடைந்தார்கள். அங்கே சிக்னல்களின் இடைத்தூரம் 1918-ஆம் ஆண்டு ரயில்களுக்காகக் கணக்கிடப்பட்டது. ரயில்கள் அதற்குப் பிறகு கனமாகவும் வேகமாகவும் ஆகிவிட்டன, இடைத்தூரம் மாறவில்லை.

விபத்துக்குப் பின் ரயில்களின் வேகத் திறனைக் குறைத்தார்கள். பல இடங்களில் சிக்னல்களை மாற்றியமைத்தார்கள். குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே வந்தால் மட்டுமே சிவப்பிலிருந்து மாறும் நேர சிக்னல்கள் ஏராளமாக வந்தன. உயிர் போன பிறகு எடுக்கப்பட்ட முடிவு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அவற்றில் பலவற்றின் கடிகாரம் பிசகியிருந்தது. மணிக்கு 20 மைல் வேகத்தில் போகலாம் என்று பலகை சொல்லும் இடத்தில் அதே வேகத்தில் போனால் பிரேக் விழும். ஒருமுறை அப்படி விழுந்தால் டிரைவர்மேல் நடவடிக்கை வரலாம். எனவே டிரைவர்கள் பலகை சொன்னதைவிட மெதுவாகவே ஓட்டப் பழகிக்கொண்டார்கள். 2018-இல் நியூயார்க் சுரங்க ரயிலின் தலைவராகப் பொறுப்பேற்ற ஆண்டி பைஃபோர்டு ஒரு தனிக் குழுவை அமைத்து இந்தச் சிக்னல்களைத் தடம் தடமாகச் சோதிக்கச் சொன்னார். இருநூறுக்கும் மேற்பட்டவை தவறாக அளந்துகொண்டிருந்தது தெரிந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு ரயிலிலும் சில விநாடிகள், எவர் கணக்கிலும் வராமல், கரைந்திருந்தன.

சில விநாடிகள்தானே என்று விட்டுவிட முடியாது. இங்கேதான் கணிதம் வருகிறது.

ஒரு தடத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிலையத்தில் ஒரு பயணி கதவில் மாட்டிக்கொள்கிறார். ரயில் அரை நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிலையத்தில் அந்த அரை நிமிடத்தில் கூடுதலாகச் சிலர் வந்து சேர்ந்திருப்பார்கள். அவர்கள் ஏற மேலும் சில விநாடிகள் ஆகும். அதற்கடுத்த நிலையத்தில் கூட்டம் இன்னும் அதிகம். தாமதமான ரயில் தாமதத்தாலேயே மேலும் தாமதமாகும். அதன் பின்னால் வரும் ரயிலின் கதை நேர்மாறு. முன்னே போனது கூட்டத்தை அள்ளிக்கொண்டு போய்விட்டதால் இதற்கு ஆட்கள் குறைவு. கதவுகள் சீக்கிரம் மூடும். ரயில் வேகமாக முன்னேறி முன்னதன் வாலைப் பிடித்துவிடும். மூச்சுமுட்டும் கூட்டத்தோடு ஒரு ரயில், ஒட்டியபடியே பாதி காலியாக இன்னொன்று, அதற்குப் பிறகு நீண்ட வெற்றிடம். டவுன் பஸ்ஸுக்கு நெடுநேரம் நின்றுவிட்டு, ஒரே எண் போட்ட மூன்று பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள். டிரைவர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சேர்ந்து கிளம்பியதாக நாம் திட்டுவோம். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டினார்கள். யாரும் தவறு செய்யத் தேவையில்லை. சம இடைவெளி என்ற நிலை இயல்பாகவே நிலையற்றது, தொட்டால் குலைந்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும்.

காலை நேரத்தில் இது இன்னும் கொடுமையாவதற்குக் காரணம் தடத்தின் நிரம்பல். ஒரே ஒரு ஊழியர் உள்ள ரேஷன் கடையை நினைத்துப் பாருங்கள். அவருடைய நேரத்தில் பாதிதான் வேலை இருக்கிறது என்றால் வரிசை சிறிது. ஆட்கள் தங்கள் போக்கில், ஒழுங்கின்றி வருகிறார்கள் என்று கொண்டால், வரிசைக் கணிதம் சொல்லும் சராசரிக் காத்திருப்பு ஒருவருக்குப் பொருள் கொடுக்கும் நேரத்துக்குச் சமம். அவர் நேரத்தில் 90 சதவீதம் நிரம்பிவிட்டால் காத்திருப்பு ஒன்பது மடங்காகும். 95 சதவீதம் என்றால் பத்தொன்பது மடங்கு. கடைசிச் சில சதவீதங்களில்தான் எல்லாம் வெடிக்கிறது. ரயில்கள் அட்டவணைப்படி வருவதால் இதே எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் வளைகோட்டின் வடிவம் பொருந்தும். மதியம் இரண்டு மணிக்கு ஒரு ரயில் இரண்டு நிமிடம் நின்றால் அடுத்த ரயில் வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். காலை எட்டரைக்கு, இரண்டு இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில் வரும் லெக்சிங்டன் அவென்யூ தடத்தில் யாரோ ஒருவர் மயங்கி விழுந்து, மருத்துவ உதவி வரும்வரை ரயில் பத்து நிமிடம் நின்றால், அந்தப் பள்ளத்தை நிரப்பத் தடத்தில் இடமே கிடையாது. உச்சநேரம் முடிகிறவரை அது பரவிக்கொண்டே போகும். பத்து மைல் தள்ளி, ஒன்பது மணிக்கு ஏறியவருக்கு முன்னால் ரயில் நெருக்கம் என்ற அறிவிப்பு மட்டும் போய்ச் சேரும். மயங்கியவர் அதற்குள் மருத்துவமனையில் இருப்பார்.

இனி, அளவீடு பற்றிய கதை. என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான்.

5 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்ற அதே தடத்தில், ரயில்கள் ஒட்டிக்கொண்டு, 2 நிமிட இடைவெளியும் 8 நிமிட இடைவெளியும் மாறி மாறி வருவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 12 ரயில்கள் என்ற கணக்கு மாறவில்லை. சராசரி இடைவெளி இப்போதும் 5 நிமிடம்தான். நிர்வாகத்தின் ஏட்டில் ஒரு குறையும் இல்லை. நடைமேடைக்கு வருகிறவரின் நிலை என்ன? 10 நிமிடத்தில் 8 நிமிடம் நீண்ட இடைவெளிக்குச் சொந்தம். ஆகவே 100 பேரில் 80 பேர் நீண்ட இடைவெளியில்தான் வந்து விழுவார்கள். அவர்கள் சராசரியாக 4 நிமிடம் காத்திருக்க வேண்டும். மீதி 20 பேர் 1 நிமிடம். மொத்தச் சராசரி 3.4 நிமிடம். ஒழுங்காக ஓடியிருந்தால் அது 2.5 நிமிடம்.

கூட்டத்தின் கணக்கும் இதேபோல்தான். நிமிடத்துக்கு 20 பேர் வருகிறார்கள் என்றால் ஒரு ரயிலில் 160 பேர், அடுத்ததில் 40 பேர் ஏறுவார்கள். ரயிலுக்குச் சராசரி 100 பேர் என்று அறிக்கை சொல்லும், பொய்யும் அல்ல. ஆனால் ஏறிய ஒவ்வொருவரிடமும் உங்களோடு எத்தனை பேர் ஏறினார்கள் என்று கேட்டுச் சராசரி எடுத்தால் 136 வரும். நெருக்கமான ரயிலில் இருப்பவர்கள் அதிகம் என்பதால் நெருக்கத்தை அனுபவித்தவர்களும் அதிகம். எனக்கு மட்டும் எப்போதும் கூட்டமான ரயிலே வாய்க்கிறது என்று புலம்புகிறவர் மிகைப்படுத்தவில்லை. புள்ளியியலில் இது நன்கு அறியப்பட்ட உண்மை. ரயிலின் கண்ணால் பார்த்தால் ஒரு சராசரி, பயணியின் கண்ணால் பார்த்தால் இன்னொன்று. இரண்டாவது எப்போதும் மோசமாகவே இருக்கும்.

நியூயார்க்கில் பல்லாண்டுகள் முக்கிய அளவீடாக இருந்தது, ஒரு ரயில் தன் கடைசி நிலையத்தை அட்டவணை நேரத்திலிருந்து 5 நிமிடத்துக்குள் அடைந்ததா என்பது. நடுவழியில் இறங்கிவிடும் பெரும்பாலான பயணிகளுக்கு அதனால் என்ன பயன்? மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் 7 நிமிடம் பிந்திய ரயில், கூட்டமில்லாத கடைசி நிலையங்களில் வேகம் பிடித்து 4 நிமிடத் தாமதத்தோடு முடித்துவிட்டால் அது நேரத்துக்கு வந்த ரயில். அந்த அளவீட்டின்படியே பார்த்தாலும் 2017-இல் நிலவரம் சரிந்திருந்தது. வேலைநாள் ரயில்களில் 65 சதவீதம் மட்டுமே நேரத்துக்குச் சேர்ந்தன. 1970-களில் சுரங்க ரயில் சந்தித்த பெரும் நெருக்கடிக்குப் பிறகு அவ்வளவு கீழே போனதில்லை. அந்த ஆண்டு ஜூன் 27 அன்று ஹார்லெமில் ஏ தடத்து ரயில் ஒன்று தடம் புரண்டு முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இரண்டு நாள் கழித்து மாநில ஆளுநர் ஆண்ட்ரூ குவாமோ சுரங்க ரயிலுக்கு அவசரநிலை அறிவித்தார்.

தாமதங்களின் காரணப் பட்டியலில் மூன்றில் ஒரு பங்குபோல அப்போது பயணிகள் நெரிசல் என்ற தலைப்பின் கீழ் எழுதப்பட்டு வந்தது. பின்னால் பத்திரிகையாளர்கள் தோண்டியபோது, வேறு காரணம் எதுவும் பதிவாகாத தாமதங்களும் அந்தத் தலைப்புக்குள் போய்க்கொண்டிருந்தது வெளியானது. ஒரு ரயில் சிக்னல் கோளாறால் நிற்கிறது. அதனால் நடைமேடை நிரம்புகிறது. நிரம்பியதால் அடுத்த ரயில் நிற்கிறது. காரணம் என்ற இடத்தில் நெரிசல் என்று எழுதினால், பாதிக்கப்பட்டவர்களே குற்றவாளிகள் ஆகிறார்கள். காலை வேலைக்குப் போனதைத் தவிர அவர்கள் எதுவும் செய்யவில்லை.

2017 செப்டம்பரில் ஆணையம் புதிய அளவீடுகளை வெளியிடத் தொடங்கியது. அட்டவணை எதிர்பார்ப்பதைவிட ஒரு பயணி நடைமேடையில் எவ்வளவு கூடுதலாக நின்றார், ரயிலுக்குள் எவ்வளவு கூடுதலாக இருந்தார், அவருடைய பயணம் உரிய நேரத்திலிருந்து 5 நிமிடத்துக்குள் முடிந்ததா என்பவை அவை. என் பார்வையில் அந்த ஆண்டில் நடந்தவற்றில் இது பெரிய மாற்றம். புதிய ரயில் வாங்குவதைப் போலக் கண்ணுக்குத் தெரியாததால் அதிகம் பேசப்படவில்லை.

இந்த நேரக் கணக்கிலும் அடங்காத ஒன்று இருக்கிறது: நிச்சயமின்மை. ஒருவருடைய பயணம் பெரும்பாலான நாட்களில் 35 நிமிடம் எடுக்கிறது, பத்தில் ஒரு நாள் 55 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த நாள் அந்தப் பத்தாம் நாள் என்று காலையில் தெரியாது. தாமதமாக வந்தால் சம்பளம் பிடிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர் என்ன செய்வார்? தினமும் 20 நிமிடம் முன்னதாகவே கிளம்புவார். ஆண்டுக்கு 250 வேலைநாள் என்றால் 83 மணி நேரம். ரயில் நேரத்துக்கு வந்த நாட்களிலும் அவர் அந்த 20 நிமிடத்தை இழந்தே இருக்கிறார். தாமதக் கணக்கில் அது சேராது. உறக்கத்திலிருந்தோ, பிள்ளையைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரத்திலிருந்தோ பிடுங்கப்பட்ட நேரம் அது. அலுவலக மேசையில் எப்போது வந்து உட்கார்ந்தாலும் கேள்வி இல்லாதவருக்கும், சமையற்கூடத்தில் ஏழு மணிக்கு அட்டை தேய்க்க வேண்டியவருக்கும் ஒரே தாமதம் ஒரே தாமதமாக இருப்பதில்லை. நகரத் தணிக்கை அலுவலகம் 2017-இல் நடத்திய கருத்துக்கணிப்பில் தாமதத்தால் ஊதியம் இழந்ததாகச் சொன்னவர்களும், வேலையையே இழந்ததாகச் சொன்னவர்களும் இருந்தார்கள்.

உடம்பும் இந்த நிச்சயமின்மையைத் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வீனர் முதலிய உளவியலாளர்கள் நியூயார்க் வட்டாரத்தில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பயணம் எப்படி அமையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என உணர்ந்தவர்களிடம் மன அழுத்தம் கூடுதலாக இருந்தது. கேட்டபோது சொன்ன பதிலில் மட்டுமல்ல, உமிழ்நீரில் இருந்த கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனிலும் அது தெரிந்தது. இதற்கு முன்பே, 1972-இல் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் இருவரும் நகர அழுத்தம் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார்கள். அவர்களுடைய சோதனைகளில் பங்கேற்றவர்கள் ஒழுங்கற்ற இரைச்சலைக் கேட்டபடி வேலை செய்தார்கள். சிலரிடம் மட்டும், தேவைப்பட்டால் இந்தப் பொத்தானை அழுத்தி இரைச்சலை நிறுத்தலாம், கூடுமானவரை அழுத்தாமல் இருங்கள் என்று சொல்லப்பட்டது. இரைச்சல் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் பிறகு கொடுக்கப்பட்ட, தீர்வே இல்லாத புதிர்களோடு நெடுநேரம் விடாமல் மல்லுக்கட்டியவர்கள், பொத்தான் இருக்கிறது என்று நம்பியவர்கள்தான். மற்றவர்கள் சீக்கிரமே கைவிட்டார்கள். இரைச்சல் ஓய்ந்த பிறகும் அதன் விளைவு ஓயவில்லை.

சுரங்கத்தில் நின்ற ரயிலுக்குள் எந்தப் பொத்தானும் கிடையாது. இறங்க முடியாது, வேறு வழி பார்க்க முடியாது, எப்போது நகரும் என்று தெரியாது. அங்கிருந்து அலுவலகம் சேர்கிறவர் பத்து நிமிடத்தை மட்டும் தொலைத்துவிட்டு வரவில்லை; காலையின் முதல் கடினமான வேலையில் காட்டவேண்டிய விடாப்பிடியிலும் ஒரு பகுதியைச் செலவழித்துவிட்டே வருகிறார். டேனியல் கானமன் குழுவினர் டெக்சாசில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாக நினைவுகூரச் சொல்லி 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மகிழ்ச்சி மிகக் குறைவாக இருந்த நேரம் காலை வேலைப் பயணம். அலுவலக வேலையே அதைவிட மேலாக இருந்தது.

காத்திருப்பின் உளவியல் பற்றி டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதிய கட்டுரையில் இரண்டு கருத்துகள் இங்கே நேரடியாகப் பயன்படும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, சொல்லப்பட்டதைவிட நீளமாகத் தோன்றும். அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் வரும் என்று காட்டும் பலகைகள் நியூயார்க்கில் எண் பெயர் கொண்ட தடங்களில் பெரும்பாலானவற்றுக்கு 2011-க்குள் வந்துவிட்டன. எழுத்துப் பெயர் கொண்ட தடங்களில் பெரும்பாலானவை 2017 முடியும்வரை காத்திருந்தன. ரயில் எங்கே இருக்கிறது என்று அந்தத் தடங்களின் மையக் கட்டுப்பாட்டுக்கே ஒழுங்காகத் தெரியாததுதான் அதற்குக் காரணம். பிறகு நிலையங்களில் புளூடூத் கருவிகளைப் பொருத்தி, ரயில் எங்கே இருக்கிறது என்பதை அவற்றின் வழியாகக் கண்டறிந்தார்கள். அதே 1872-ஆம் ஆண்டு நுட்பத்தின் குருட்டுத்தன்மை நடைமேடையில் நிற்பவரின் கார்டிசோல்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

பயணிகளை அதிகம் கோபப்படுத்தும் இன்னொரு அறிவிப்பு, கட்டுப்பாட்டாளர் இந்த ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பது. முன்னால் தடம் காலி, விளக்கு பச்சை, கதவும் திறந்திருக்கிறது; ஆனாலும் ரயில் கிளம்பாது. இது வேண்டுமென்றே செய்யப்படும் காரியம், பெரும்பாலும் சரியான காரியமும்கூட. பின்னால் வரும் ரயில் தாமதமாகிவிட்டால், முன்னால் இருப்பதைச் சற்றே பிடித்து வைத்தால் நடுவில் உண்டாகும் வெற்றிடம் சுருங்கும். முன்னே இருக்கும் சில நூறு பேர் ஒரு நிமிடம் கொடுத்தால், பின்னால் நடைமேடைகளில் காத்திருக்கும் ஆயிரம் பேருக்குப் பல நிமிடம் மிச்சமாகும். சம இடைவெளி தானாக நிலைக்காது என்று மேலே பார்த்தோமே, அதைக் கையால் தாங்கிப் பிடிக்கும் வேலை இது. கார்லோஸ் கெர்ஷன்சனும் லூயிஸ் பினேடாவும் 2009-இல் இந்த நிலையின்மையை மாதிரியாக்கி ஆராய்ந்தார்கள். பின்னர் கெர்ஷன்சன் குழுவினர் மெக்சிகோ நகர மெட்ரோவின் பால்டெராஸ் நிலையத்தில் ஏறுபவர்கள் நிற்கும் இடத்தையும் இறங்குபவர்கள் போகும் வழியையும் நடைமேடையில் கோடு போட்டுப் பிரித்துப் பார்த்தார்கள். ரயில் நிற்கும் நேரம் குறைந்தது. பெயிண்ட் செலவுதான். மாஸ்கோ மெட்ரோவில் நடைமேடைக் கடிகாரம் நெடுங்காலமாகக் காட்டி வந்தது, முந்தைய ரயில் கிளம்பி எத்தனை விநாடி ஆயிற்று என்பதை. உச்சநேரத்தில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ரயில் விடுகிற அமைப்பு எதில் கண் வைத்திருக்க வேண்டும் என்பதை அந்தக் கடிகாரம் சொல்லிவிடுகிறது.

இரண்டு நிமிடம் நிற்கப் போகிறோம், பின்னால் வரும் ரயிலில் கூட்டம் தாங்கவில்லை, அதற்காக நிற்கிறோம் என்று ஒரு கண்டக்டர் சொன்னால் பெட்டிக்குள் இருப்பவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்றே நான் நம்புகிறேன். நகர மக்களுக்கு ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுக்கத் தெரியும். காரணமே சொல்லாமல் நேரத்தை எடுத்துக்கொள்வதுதான் அவர்களுக்குக் கசக்கிறது.

நிரந்தரத் தீர்வு சிக்னல்களை மாற்றுவதில் இருக்கிறது. சிபிடிசி எனப்படும் புதிய முறையில் ரயிலே தான் இருக்கும் இடத்தையும் வேகத்தையும் ரேடியோ வழியாகத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருக்கும். பின்னால் வரும் ரயில் பிளாக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. முன்னதன் வாலிலிருந்து, பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரத்தை மட்டும் விட்டுத் தொடரலாம். ரயில்கள் நெருங்கி ஓடும். குலைந்த இடைவெளியைச் சீராக்கவும் வழி இருக்கும். நியூயார்க்கில் இது முதலில் எல் தடத்துக்கு 2000-களின் இறுதியிலும், 7 தடத்துக்கு 2018 நவம்பரிலும் வந்தது. நகரத்தில் நேரம் தவறாமல் ஓடும் தடங்களைச் சொல்லச் சொன்னால் இந்த இரண்டும் முன்னால் வருகின்றன. மற்றத் தடங்கள் பெரும்பாலும் பழைய ரிலேக்களில்தான் 2019-இல் ஓடின. ஆனாலும் பிசகிய கடிகாரங்களைத் திருத்தி, நடைமேடைகளில் மருத்துவ உதவியாளர்களை நிறுத்தி, கண்ணில் படாமல் போன விநாடிகளைப் பொறுக்கியெடுத்ததில் நேரத்துக்குச் சேரும் ரயில்கள் அந்த ஆண்டு 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டன.

சிக்னல் மாற்றும் வேலைக்கே தடத்தை மூட வேண்டியிருக்கிறது. 24 மணி நேரமும் ஓடும் ரயிலில் பழுது பார்ப்பதற்கென்று ஒதுங்கிய இரவு நேரம் இல்லை. 2024 கோடையில் புரூக்ளினையும் குயின்ஸையும் இணைக்கும் ஜி தடத்தைப் பகுதி பகுதியாக ஒன்பது வாரங்களுக்கும் மேலாக மூடினார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த நிலையங்களுக்கு இடையே என்று முன்பே அறிவித்து, மாற்றுப் பேருந்துகளை விட்டார்கள். ஒன்பது வாரம் என்பது சிறிய தொல்லை இல்லை. ஆனாலும் அது நாள்காட்டியில் குறித்துவைத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. காலையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று முந்தைய இரவே முடிவு செய்துவிடலாம்.